ஃப்ரீ கேம்தானேன்னு ஆரம்பிச்சு, இன்னும் மனச விட்டுப் போகாத இடம் எது?

குகைவாசி:
கேவ் ஸ்டோரி. லாபிரிந்த்னு ஒரு லெவல்ல புரொஃபசர் பூஸ்டர் மேலருந்து விழுவாரே, அந்த இடம். 2004ல ஜப்பான்ல டைசுகே அமாயா அஞ்சு வருஷம் ஒத்த ஆளா உக்காந்து கோடு, படம், மியூசிக்னு எல்லாத்தையும் தானே பண்ணி சும்மா குடுத்த கேம், அது எனக்கு எவ்ளோ பிடிக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மனுஷன் அடிபட்டுக் கெடக்குறாரு, கிட்டப் போய் பேசுனா, முதுகுல மாட்டிப் பறக்குற பூஸ்டர் 0.8 கருவிய நம்ம கைல குடுத்துட்டு செத்துடுறாரு, அதோட அந்த நல்ல முடிவும் போச்சு. பேசாம பள்ளத்த ஒரே தாவா தாண்டிப் போயிட்டா அவரு பொழச்சு பின்னாடி 2.0 தர்றாரு. விழுந்தவன்கிட்ட என்னாச்சுன்னு கேக்குறவனுக்குத் தண்டனை, கண்டுக்காம போறவனுக்குப் பரிசா? நான் ஆடுனப்ப ஒரு க்ளூ கூட கண்ணுல படல. எனக்கு இன்னும் ஆறல.

மழைக்கோட்டு:
@குகைவாசி ஒரு பைசா வாங்காம அஞ்சு வருஷ உழைப்பத் தூக்கிக் குடுத்த ஆளுகிட்ட இப்படிக் கணக்கு கேக்குறது எனக்கு உடன்பாடில்ல. ரகசியம்னா ரகசியமாத்தான் இருக்கும்.

என்னோடது யூமே நிக்கி, கனவுக்குள்ள சுத்துற கேம். போனிகோன்னு ஒரு பொண்ணோட வீடு. பிங்க் ரூம், அந்தப் பொண்ணு சும்மா நிக்கும், செவுத்துல லைட் ஸ்விட்ச். நெட்ல படிச்சதால நிறுத்தி நிறுத்திப் போட்டுட்டே இருந்தேன், 64ல ஒரு தடவதான் வரும்னு சொல்வாங்க, ஒண்ணும் நடக்காதுன்னு கை தானா அமுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு ரூம் இருட்டாகி அவ நின்ன இடத்துல அந்த வெள்ள மூஞ்சி. ஊபோவா. கதவு தெறக்கல. அதுகிட்ட போனா வேற எங்கயோ கொண்டுபோய் விட்டுடும், அங்கருந்து நடந்து வெளிய வர வழியே கிடையாது, 9 அமுக்கி கன்னத்தக் கிள்ளி முழிக்கணும், அவ்ளோதான். கேம் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசல. செஞ்ச கிகியாமா யாருன்னும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அதனால ஏன் அப்படி வச்சீங்கன்னு கேக்கவும் ஆளில்ல.

அஞ்சுநிமிஷம்:
காசு வாங்கலன்னா கேள்வி கேக்கக் கூடாதாம். @மழைக்கோட்டு நம்ம நேரத்த வாங்குறாங்கல்ல? ஜேசன் ரோரர் 2007ல செஞ்ச பேசேஜ் அஞ்சே நிமிஷம், ஸ்கிரீன் 100க்கு 16 பிக்சல், ஒரு பட்டை மாதிரி இருக்கும். ஒருத்தனோட வாழ்க்கை முழுக்க அதுக்குள்ள ஓடிடும். வழியில பாக்குற பொண்ணக் கூட்டிட்டுப் போனா ரெண்டு பேரா சில சந்துல நுழைய முடியாது, புதையல் பெட்டி கண்ணுக்கு முன்னாடியே இருக்கும், எடுக்க முடியாது. சரின்னு நடந்தா திடீர்னு அவ கல்லறையா நிக்குறா, அதுக்கப்புறம் நம்மாளு நடையே தளர்ந்துடும். அரோ கீய அமுக்கிட்டே இருக்கேன், நகரவே மாட்டேங்குறான். அழுதேன். அப்படி அழ வச்ச கேமையே "இதுல ஸ்கோர் எதுக்கு, அந்த நம்பர் இல்லாம இருந்தா இன்னும் வலிச்சிருக்கும்"னு பத்து பேர்கிட்ட சண்ட போட்டிருக்கேன். பிடிச்சதாலதான் பேசுறோம்.

பாதிலெவல்:
நான் ஒரு கேம் ஜாம்ல, அதாவது கொஞ்ச நேரத்துக்குள்ள கேம் செய்யுற போட்டியில, சின்னதா ஒண்ணு பண்ணி இட்ச் சைட்ல போட்டேன். கமெண்ட்ல பாதி "சூப்பர் ப்ரோ", மீதி "மொக்க". ஒரே ஒருத்தர் மட்டும் "ரெண்டாவது ரூம்ல சாவி தரை கலர்லயே இருக்கு, அஞ்சு நிமிஷம் தேடிட்டு மூடிட்டேன்"னு எழுதிருந்தாரு. போய்ப் பாத்தா அப்படியேதான் இருந்துச்சு, அன்னைக்கே மாத்துனேன்.

அதனால எல்லாருக்கும் சொல்றேன், எழுதும்போது எங்க நின்னீங்க, என்ன பட்டன் அமுக்குனீங்க, என்ன நடக்கும்னு நெனச்சீங்க, என்ன நடந்துச்சு, இத முதல்ல எழுதுங்க. கீபோர்டா கன்ட்ரோலரா, விண்டோஸா லினக்ஸா, எந்த வெர்ஷன், அதையும் போடுங்க. ஜாம் கேம்னா எத்தன நாள்ல செஞ்சாங்கன்னு பேஜ்லயே இருக்கும், 48 மணி நேரத்துல செஞ்சதுல சேவ் இல்லன்னு திட்டாதீங்க. அந்த கேம இந்த கேம் மாதிரி மாத்துங்கன்னு சொல்லவே சொல்லாதீங்க, அவங்க செய்ய நெனச்சது சரியா வந்துச்சான்னு பாருங்க. முடிக்காம விட்டா எந்த இடத்துல விட்டீங்கன்னு சொல்லுங்க, செஞ்சவனுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். "கொடுத்தது ஃப்ரீதானே"ன்னு சும்மா இருக்குறதும் அவனுக்கு நல்லது கிடையாது. பெரிய கம்பெனி மாதிரி டெஸ்ட் பண்ண அவன்கிட்ட ஆள் கிடையாது, நாமதான் அந்த ஆளு.

மழைக்கோட்டு:
@பாதிலெவல் நீங்க சொல்றது இப்ப செஞ்சுட்டு இருக்கவங்களுக்கு சரி. கேவ் ஸ்டோரி முடிஞ்சுபோன படைப்பு. அதுல கை வைக்கச் சொல்லாதீங்க.

லிஃப்ட்டுக்காரி:
எவ்ரிடே த சேம் ட்ரீம், 2009, மொல்லெஇண்டஸ்ட்ரியா போட்ட, பிரௌசர்லயே ஆடுற ஃப்ளாஷ் கேம். எந்திரி, டை கட்டு, பொண்டாட்டி லேட்டாச்சுங்குறா, லிஃப்ட், கார், ஆபீஸ், மறுபடி எந்திரி. லிஃப்ட்ல ஒரு பாட்டி இன்னும் அஞ்சு படி, அப்புறம் நீ புது மனுஷன்னு சொல்லும். ஒருநாள் கார விட்டு எறங்கி நடந்தேன், ரோட்டோரம் ஒரு மாடு நிக்குது. தடவிக் குடுத்தேன். அவ்ளோதான் நடந்துச்சு, ஆனா வேலைக்குப் போற வழியில எங்க மாட்டப் பாத்தாலும் அது ஞாபகம் வருது. மாட்டத் தடவுன மாதிரி வழக்கத்த மீறுற அஞ்சும் முடிஞ்சா பாட்டியும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, ஆபீஸ் காலி. கடைசியா மாடி ஓரத்துல ஒருத்தன் குதிக்கிறான், பாத்தா அது நாமளே. இதையா புது மனுஷன்னு சொன்ன பாட்டின்னு எனக்கு அவ மேல இன்னும் கோவம்.

2020 கடைசியோட ஃப்ளாஷ நிறுத்திட்டாங்க, பழைய லிங்க் வெறும் பெட்டியாத் தெரிஞ்சா ஃப்ளாஷ ஓட்டுற ரஃபிள் எக்ஸ்டென்ஷன பிரௌசர்ல போட்டுப் பாருங்க, இல்ல பழைய ஃப்ளாஷ் கேம்கள சேத்து வச்சிருக்க ஃப்ளாஷ்பாயின்ட்ல தேடுங்க. @குகைவாசி ஆடிட்டு வந்து சொல்லுங்க, பூஸ்டர விட இது மோசமா இல்லையான்னு.