பழைய சூப்பர்நோவா இடத்துல 9 போட்டான்: இது சோர்ஸா, நாய்ஸா?

இரவாந்தை:
1960கள்ல வெடிச்ச ஒரு சூப்பர்நோவா, எதுன்னு இப்போதைக்குக் கேக்காதீங்க. அந்த கேலக்ஸிக்கு சந்திரா (நாசாவோட எக்ஸ்ரே விண்வெளி டெலஸ்கோப்) ஆர்க்கைவ்ல ரெண்டு அப்சர்வேஷன் கெடச்சுது, ஒவ்வொண்ணும் 30 கிலோசெகண்ட் (30,000 விநாடி) சுமாரு, ரெண்டையும் மெர்ஜ் பண்ணி வேவ்டிடெக்ட் (படத்துல சோர்ஸ் தேடற ப்ரோக்ராம்) ஓட்டுனா அந்த இடத்துல ஒண்ணுமே சிக்கல, ஆனா படத்த பெருசாக்கிப் பாத்தா கொத்தா ஏதோ இருக்கு. 2 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600ஆ பிரிச்சா ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்) வட்டம் போட்டு எண்ணுனேன், 9 கவுண்ட், அதாவது 9 போட்டான். பேக்ரவுண்ட் கணக்குப்படி 2.1 தான் வரணும். மிச்சம் 6.9, அத ரூட் 9ஆல வகுத்தா 2.3 சிக்மா, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்த விட 2.3 மடங்குதான். விட்டுடலாமா?

கிலோசெகண்ட்:
விடாதீங்க. 9 கவுண்டுக்கு ரூட் போடுறதே தப்பு ப்ரோ, பாய்சான் (கொஞ்சமா எண்ற எண்ணிக்கைக்கான வாய்ப்புக் கணக்கு) போடுங்க. சராசரி 2.1 இருக்கற எடத்துல 9 இல்ல அதுக்கு மேல வர்ற வாய்ப்பு 10,000ல 3 தான். அப்புறம் வேவ்டிடெக்ட் டீஃபால்ட் த்ரெஷோல்டு பிக்சலுக்கு பத்து லட்சத்துல ஒண்ணு, அது படம் முழுக்க கண்ண மூடிட்டு தேடறதுக்கு வச்சது. உங்களுக்குத்தான் எங்க பாக்கணும்னு முன்னாடியே தெரியுமே.

ரெண்டு அப்சர்வேஷன்லயும் அந்த இடம் ஆக்ஸிஸ்லருந்து (டெலஸ்கோப் நேரா பாக்கற நடு இடம்) எவ்ளோ தூரம்?

இரவாந்தை:
முதல்ல 1 ஆர்க்மினிட்டுக்குள்ள. ரெண்டாவதுல... 6.5. ஐயோ.

கிலோசெகண்ட்:
அதான் விஷயம். நடுவுல சந்திரா அரை ஆர்க்செகண்ட் கூர்மையா பாக்கும், 6 ஆர்க்மினிட் தள்ளிப் போனா அதே சோர்ஸ் பல ஆர்க்செகண்டுக்கு பரவிடும். உங்க 2 ஆர்க்செகண்ட் வட்டத்துக்குள்ள அதுலேர்ந்து வந்தது பாதிக்கு மேல பேக்ரவுண்டாத்தான் இருக்கும். மெர்ஜ் பண்ணாம முதல் அப்சர்வேஷன மட்டும் எடுங்க, 1.5 ஆர்க்செகண்ட், போட்டான் எனர்ஜி 0.5லேர்ந்து 7 கேஇவி (கிலோ எலக்ட்ரான் வோல்ட்).

பழையபிளேட்:
பொசிஷன் எங்கேர்ந்து எடுத்தீங்க? அந்தக் காலத்து போட்டோ பிளேட்ல அளந்ததுன்னா சில ஆர்க்செகண்ட் சாதாரணமா தப்பும், 1.5 வட்டம் போட்டு வேற எங்கயோ எண்ணிட்டு இருப்பீங்க. ரேடியோல பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க, என்ஜிசி 6946 கேலக்ஸில 1968டிங்கற சூப்பர்நோவாவ விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப் பிடிச்ச மாதிரி. ரேடியோ பொசிஷன் இருந்தா கேட்டலாக்க மறந்துடலாம்.

இரவாந்தை:
ரேடியோ பொசிஷன் இருக்கு, வட்டத்த அங்க நகத்திட்டேன். முதல் அப்சர்வேஷன் மட்டும்: 7 கவுண்ட், பேக்ரவுண்ட் 0.5. பாய்சான் பத்து லட்சத்துல ஒண்ணு வருது!! எக்ஸ்போஷர பாதியா வெட்டுனதும் சோர்ஸ் தெளிவாயிடுச்சு, சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

நியூட்ரான்:
சோர்ஸ் இருக்கு, சரி. அது சூப்பர்நோவாதானா? ஸ்பைரல் கைல எக்ஸ்ரே பைனரி (துணை நட்சத்திரத்தோட வாயுவ நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ இழுக்கற ஜோடி) நெறைய கெடக்கும், ஒளியும் ஏறக்குறைய அதே ரேஞ்சு. படத்துல எத்தன சோர்ஸ் இருக்கோ அத வச்சு தற்செயலா ஒண்ணு அந்த வட்டத்துல விழற வாய்ப்ப போடுங்க. 7 போட்டானோட எனர்ஜியும் ஒவ்வொண்ணா பாருங்க. வெடிச்ச சரக்கு சுத்தி இருக்கற வாயுல மோதி சூடான பிளாஸ்மான்னா பெரும்பாலும் 2 கேஇவிக்கு கீழ வரும்.

மங்குதான்னு பாத்து முடிவு கட்டாதீங்க, எம்100 கேலக்ஸில இருக்கற 1979சி சூப்பர்நோவா 1995லேர்ந்து 2007 வரைக்கும் மங்கவே இல்ல. லேட்டஸ்ட் டேட்டாவோட ஒப்பிட்டா இன்னொரு வம்பு: ஏசிஸ் (சந்திராவோட கேமரா) ஃபில்டர்ல வருஷா வருஷம் படிஞ்ச அழுக்கு சாஃப்ட், அதாவது எனர்ஜி கம்மியான போட்டான முழுங்கிடும், அதனால வெறும் கவுண்ட ஒப்பிடாம ஃப்ளக்ஸா மாத்திட்டு பாருங்க.

இரவாந்தை:
பாத்தேன். 5 போட்டான் 2 கேஇவிக்கு கீழ, 2 மேல. ஸ்பெக்ட்ரம் போட இது பத்தாதுல்ல?

கிலோசெகண்ட்:
பத்தாது. எம்83 கேலக்ஸில 1957டி சூப்பர்நோவாவுக்கு 2000, 2001ல சந்திரா 14 மணி நேரம் பாத்துட்டு வெறுங்கையோடதான் வந்துது, 2010, 2011ல கிட்டத்தட்ட எட்டரை நாள் பாத்தப்புறம்தான் பிடிபட்டுது. உங்களுக்கு 30 கிலோசெகண்ட்லயே 7 விழுந்திருக்கு. டெலஸ்கோப் நேரம் கேட்டு ப்ரோபோசல் எழுதுங்க.

இரவாந்தை:
எழுதறேன். இந்தத் தடவ அத ஆக்ஸிஸ் நடுவுல வைக்கச் சொல்லி.