ஒரு வயதுச் சங்கத்துக்குக் கடற்புல் நடப் பணம் எங்கே கிடைக்கும்?

சோழகம்:
தேவிபட்டினம் பக்கம் நாட்டுப்படகுக்காரர்களும் பெண்களும் சேர்ந்து சங்கம் பதிந்து ஒரு வருஷம் ஆச்சு. விசைப்படகு மடி (இழுவலை) வாரிப்போட்ட இடத்தில், ஆவுளியா (கடற்பசு) மேய்ச்சலுக்குக் கடற்புல் நடணும். 12ஏ (வருமான வரி விலக்கு) தற்காலிகப் பதிவு இருக்கு. 5 லட்சம் வரை தேவை. வெளிநாட்டு நிதி கேட்கலாமா, கம்பெனிகளிடம் போகலாமா?

கொண்டல்:
இரண்டுமே இப்போது உங்கள் பெயரில் எளிதில் நடக்காது. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான சட்டம்) பதிவுக்குச் சங்கம் தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்கணும், அந்த 3 ஆண்டில் ரூ.15 லட்சம் செலவும் காட்டணும். பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கி நமக்குப் பிரித்துத் தரும் பழைய வழி 2020 திருத்தத்தோடு அடைபட்டது. கம்பெனி சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்துக்கு 12ஏ, 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு), சிஎஸ்ஆர்-1 எண் (கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்குவது), கூடவே 3 ஆண்டு அனுபவம் வேணும்.

அதனால் பணத்தைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். தகுதியுள்ள பழைய நிறுவனம் தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும். படகு வாடகை, முக்குளிப்புக் கூலி, கயிறு எல்லாவற்றுக்கும் அவர்களே நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாமல் சேருங்கள்: அளவெடுத்த தரவும் படங்களும் சங்கத்துக்கும் சொந்தம். பிறகு நீங்களே விண்ணப்பிக்கும்போது காட்ட வேறு என்ன இருக்கும்? கம்பெனிகள் ஏப்ரலுக்கான திட்டத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். ஜனவரிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரணும். ராமநாதபுரத்தில் உள்ள மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

கச்சான்:
'கடற்பசுப் பாதுகாப்பகத்துக்குள்' என்று எழுதிவிடாதீர்கள். 2022-இல் அறிவித்த 448 சதுர கி.மீ. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல். நம்ம ராமநாதபுரம் மாவட்டம் அதில் இல்லை. படித்துப் பார்ப்பவர் அங்கேயே மூடி வைத்துவிடுவார்.

நடும் முன் அளவு எடுக்காமல் இறங்காதீர்கள். 25 மீ. இடைவெளியில் மூன்று 50 மீ. கோடு போடுங்கள். ஒவ்வொரு 5 மீட்டருக்கும் அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்துப் புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கு என்று குறிக்கணும். கோட்டுக்கு 11, மொத்தம் 33 சட்டம். இதே இடத்தில் நட்ட பிறகும் எடுத்தால்தான் பேச முடியும். இந்தப் பயணங்களுக்கான படகு வாடகையை வரவு செலவில் தனி வரியாகப் போடுங்கள். பலர் நடவுக்கு மட்டும் கேட்டுவிட்டு அப்புறம் முழிப்பார்கள்.

நடவுக்கு ஒரு சதுர மீட்டர் மூங்கில் சட்டம், தேங்காய் நார்க் கயிறு போதும். நைலான் வேண்டாம், மக்காது, அதுவே வலையாகிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து பிப்ரவரி, மார்ச்சில் நட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மடி இழுக்காமல் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். நாற்றுப் புல்லை மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளை ஒட்டி எடுப்பதானால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

சோழகம்:
கரையில் எல்லாம் கைக்காசுதான். ரசீது எப்படி?

கொண்டல்:
பெயர், படகுப் பதிவு எண், தேதி, கையெழுத்தோடு வவுச்சர் போதும். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் ஏற்க மாட்டார்கள். வங்கி வழி போடச் சொல்லுங்கள்.