அந்தமான் ட்ரிப்: தண்ணிக்குள் படமெடுக்க எந்த காம்பாக்ட் செட் சரிப்படும்?

ராயபுரத்தான்:
ஜனவரியில் குடும்பத்தோடு ஹேவ்லாக், நீல் தீவு போறோம். மொத்தம் அஞ்சு நாள். பெரும்பாலும் ஸ்நார்க்கெலிங்தான், ஒரே ஒரு நாள் இன்ஸ்ட்ரக்டரோட ஸ்கூபா, 12 மீட்டருக்கு மேல இறங்க மாட்டோம். கேமரா, கூட வேண்டிய சாமான் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குள்ள அடங்கணும். போனுக்கு பௌச் போட்டா போதும்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு மீனும் பவளமும் பிரிண்ட் போட்டு மாட்டுற தரத்துல வேணும். பாடியே தண்ணி தாங்குற டஃப் கேமராவா, ஆக்‌ஷன் கேமராவா, இல்ல சாதா காம்பாக்டுக்கு ஹவுசிங்கா (தண்ணி புகாத வெளிப்பெட்டி)? இன்னொண்ணு, எங்க தெருவுல போர் தண்ணி உப்பு. திரும்பி வந்து அதுல அலசலாமா?

கடலடி:
பௌச்சை விட்டுவிடுங்கள் சார். தண்ணிக்குள் டச் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்யாது. கொஞ்சம் இறங்கினாலே பிளாஸ்டிக் ஸ்கிரீனோடு ஒட்டிக்கொள்ளும். யாரோ விரலால் அமுக்கிப் பிடித்த மாதிரி போன் தானாக எதையாவது திறக்கும். வால்யூம் பட்டனால் க்ளிக் பண்ணலாம், அவ்வளவுதான். போனில் ஐபி68 என்று தண்ணி தாங்கும் தரக் குறியீடு போட்டிருப்பதும் நல்ல தண்ணியில் பார்த்த கணக்கு, கடல் தண்ணிக்கு அல்ல.

உங்கள் பயணத்துக்கு டஃப் வகைதான் சரி. ஓஎம் சிஸ்டம் டிஜி-7, இல்லையென்றால் அதற்கு முந்தைய ஒலிம்பஸ் டிஜி-6. இரண்டும் 12 மெகாபிக்சல், லென்ஸ் எஃப்/2.0, வெறும் பாடியே 15 மீட்டர் தாங்கும், ரா ஃபைலும் (பின்னால் திருத்த வசதியான, கேமரா மாற்றாத மூலப் படம்) தரும். டிஜி-7-ல் யூஎஸ்பி-சி வந்திருக்கிறது. படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விலை குறைவாகக் கிடைத்தால் டிஜி-6 எடுத்து, மிச்சக் காசை இரண்டாவது பேட்டரிக்கும் மிதக்கும் ஸ்ட்ராப்புக்கும் வையுங்கள். ஸ்ட்ராப் கட்டாயம் வேண்டும்: கை நழுவினால் பாடி நேரே அடியில்தான். ஸ்கூபாவுக்குப் போகும்போது மட்டும் அதைக் கழற்றிவிட்டு சுருள் கயிறு மாட்டுங்கள், மிதவை கையை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆக்‌ஷன் கேமரா வீடியோவுக்கு அருமை. ஆனால் பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் நிலையானது, பார்வையும் ரொம்ப அகலம். உள்ளங்கை அளவு மீன் படத்தில் புள்ளியாகிவிடும். டிஜியில் மைக்ரோஸ்கோப் மோடு போட்டால் லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும். பவளப்பாறையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலம், மஞ்சள் நிறத்தில் கிறிஸ்துமஸ் மரப்புழு இருக்கும், சின்னச் சுருள் விசிறி மாதிரி. அதைப் பிரிண்ட் போடும் அளவுக்கு எடுக்க இந்த மோடு வேண்டும். நிழல் பட்டாலே சட்டென்று குழிக்குள் போய்விடும். நிழல் அதன்மேல் விழாத பக்கமிருந்து மெதுவாக நெருங்குங்கள்.

பழைய வண்ணை:
கடலடி சொன்ன பாடி சரி. ஆனால் ஸ்கூபாவுக்கு ஹவுசிங் இல்லாமல் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 15 மீட்டர் தாங்கும் கேமராவை 12 மீட்டருக்குக் கொண்டுபோனால் கையிருப்பு 3 மீட்டர்தான், நடுவில் இருப்பது கதவில் உள்ள ஒற்றை ரப்பர். அதில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும். பிடி-059 ஹவுசிங் இரண்டு மாடலுக்கும் பொருந்தும், 45 மீட்டர் வரை தாங்கும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஹவுசிங்கே வேண்டாம், ஸ்நார்க்கெலிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் தடவை ஸ்கூபா இறங்குகிறவர் கையில் பல இடங்களில் கேமரா தரவே மாட்டார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓ-ரிங்கை, அதாவது ஹவுசிங் மூடியில் தண்ணியைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், ஹவுசிங்கில் தண்ணி புகுவது அதிகமும் இங்கேதான். ஊசி, பின் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் விரலால் லேசாகத் தள்ளினால் ரப்பர் வளைந்து மேலே எழும்பும், அப்படியே எடுங்கள். பஞ்சு உதிராத துணியால் பள்ளத்தைத் துடையுங்கள். ரிங்கை இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக ஓட்டுங்கள்: ஒரு மணல் துகள் இருந்தாலும் நகத்தடியில் நறநறக்கும். ஹவுசிங்கோடு வரும் கிரீஸில் அரிசி மணி அளவு எடுத்து, ரிங் மினுமினுக்கிற அளவுக்கு மட்டும் தடவுங்கள். தண்ணியைத் தடுப்பது கிரீஸ் அல்ல, அமுங்கும் ரப்பர். அதிகம் தடவினால் தூசியைத்தான் இழுக்கும். வாசலின் வேண்டவே வேண்டாம்.

முதல் தடவை கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து மூடி, வாளித் தண்ணியில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். டிஷ்யூ காய்ந்திருந்தால் அடுத்த வேலையைப் பாருங்கள். ஹவுசிங்கை மூடுவது ஏசி அறையில், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. நம்ம ஊர்க் காற்று மாதிரி ஈரக் காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு போய், குளிர்ந்த தண்ணியில் விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். படகில் வெயிலில் போட்டு வைத்தாலும் இதே கதிதான். ஈரத் துண்டால் மூடி நிழலில் வையுங்கள்.

ராயபுரத்தான்:
ரெண்டு பேருக்கும் நன்றி. இணையத்துல பார்க்கிற படமெல்லாம் நீலமா மங்கி இருக்கே, அதுக்கு என்ன பண்றது? ஃப்ளாஷ் போட்டா சரியாகுமா?

கடலடி:
தண்ணி சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். அஞ்சு மீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடும். மேலிருந்து வரும் தூரத்தோடு, மீனிலிருந்து லென்ஸ் வரைக்குமான தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதனால்தான் ஜூம் கூடாது. லென்ஸை அகலத்திலேயே வைத்து, கை எட்டும் தூரத்துக்குள் போங்கள். தண்ணிக்குள் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும், 75 செ.மீ.-ல் இருக்கிற மாதிரித் தெரிந்தால் நிஜத்தில் ஒரு மீட்டர்.

கேமராவின் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மீனை எடுத்தால் நடுவில் மிதக்கும் துகள் எல்லாம் மின்னி, படம் முழுக்கப் பனி கொட்டியது போல இருக்கும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, காலை 10 முதல் மதியம் 2 வரை, 3 மீட்டர் ஆழத்துக்குள் எடுங்கள். வைட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் நிற அமைப்பை, வெள்ளை மணலைக் காட்டி நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், ஆழம் 2-3 மீட்டர் மாறும்போதெல்லாம் மறுபடி. ராவிலும் எடுத்தால் வீட்டில் வந்து திருத்தலாம். 10 மீட்டருக்குக் கீழே இந்த வித்தை பலிக்காது. இல்லாத சிவப்பைக் கூட்டினால் புள்ளி புள்ளியாகத்தான் வரும். அங்கே தனி லைட் வேண்டும். இந்த கேமராவில் ஷட்டர் வேகத்தை நேரடியாக வைக்க முடியாது. ஓடும் மீன் கலங்கினால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400-க்கு ஏற்றுங்கள். சென்சார் சின்னது, 800-க்கு மேல் போனால் பிரிண்டில் தெரியும்.

காசிமேட்டுக் கரை:
தண்ணி விஷயத்துக்கு வர்றேன். உங்க தெரு போர் தண்ணி வேணாம் அண்ணே, உப்பை எடுக்கப் போய் உப்புலயே ஊற வைக்கிற கதை. கேன் தண்ணியோ மெட்ரோ தண்ணியோ ரெண்டு லிட்டர் டப்பாவுல ஊத்தி, கதவைத் திறக்காம அரை மணி நேரம் ஊறப் போடுங்க. ஊறும்போதே எல்லா பட்டனையும் பத்துப் பதினைஞ்சு தடவை அமுக்கணும், உப்பு பட்டனுக்கு அடியிலதான் உட்காரும். அதையும் ஊருக்கு வந்து செய்யாதீங்க, அங்கேயே தினமும் ரூமுக்குப் போன உடனே செய்யுங்க. காய்ஞ்சு போன உப்பு கல் மாதிரி, ரப்பரை அறுத்துடும். துடைச்சு, நிழல்ல நல்லா காய வெச்சு, அப்புறம்தான் கதவு.

பர்மா பஜாரோ வேற கடையோ, எங்க வாங்கினாலும் பில்லும் வாரண்டி கார்டும் கையில வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் டஃப் கேமரா எடுத்தா, கதவு ரப்பர் எப்போ மாத்தினதுன்னு கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

பவளத்து மேல காலை ஊனி நின்னு படம் எடுக்காதீங்க. அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, உடைஞ்சு கிடக்கிற துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. ஃபிளைட்ல போறப்போ பேட்டரி எல்லாம் கைப்பையில. ஹவுசிங்கை இறுக்கி மூடாம, ஓ-ரிங்கைக் கழட்டி தனி டப்பாவுல வெச்சுக்குங்க. காத்தழுத்தம் மாறி ஒட்டிக்கிட்டா இறங்கின பிறகு திறக்கவே வராது.