பிப்ரவரி 12: மகளின் அட்டைக்கு எந்த ஐந்தை எடுப்பது?

பன்னிரண்டாம் தேதி அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஒஹையோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. ‘நான் பிறந்த தேதியில் அமெரிக்கா’ என்று பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பெரிய அட்டையில் ஐந்து விஷயங்களை எழுதி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றைப் பற்றியும் வகுப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும். அவள் பிறந்தது பிப்ரவரி 12.

லிங்கன் பிறந்த நாள் என்பது தெரியும். தேடினால் அதற்கு மேலும் வந்துகொண்டே இருக்கிறது. 1733இல் ஆங்கிலேயர் ஓகல்தோர்ப் குடியேறிகளோடு சவானாவில் இறங்கி ஜார்ஜியாவைத் தொடங்கியது, 1999இல் பதவிநீக்க விசாரணையில் ஜனாதிபதி கிளின்டனை செனட் விடுவித்தது, 2001இல் நியர் ஷூமேக்கர் விண்கலம் ஈரோஸ் என்ற சிறுகோளில் இறங்கியது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். “இதெல்லாம் ஏம்ப்பா ஒரே தேதில நடந்துச்சு?” என்று கேட்டாள். தற்செயல்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே அது போதவில்லை. எதை எடுக்கலாம், அவளுக்கு என்ன பதில் சொல்லலாம்?

கிளாரினெட் ரசிகன்:

1924ஐ விட்டுவிடாதீர்கள். அன்று மதியம் நியூயார்க் ஏயோலியன் ஹாலில் இசைக்குழுத் தலைவர் பால் ஒயிட்மேன் நடத்திய கச்சேரியில்தான் இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ முதன்முதலாக ஒலித்தது. பியானோவில் கெர்ஷ்வினே உட்கார்ந்திருந்தார். அந்தக் கச்சேரிக்குத் தான் ஒரு படைப்பு எழுதிக்கொண்டிருப்பதாக ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் அவர் எழுதவே உட்கார்ந்தார். சுமார் ஐந்து வாரத்தில் முடித்தார். தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அந்தப் பத்து நொடியைப் போட்டுக் காட்டினாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

லூயிவில்காரர்:

தம்பி, குழந்தை கேட்டது நல்ல கேள்வி. ‘தற்செயல்’ என்பது பாதி பதில்தான். ஒரு தேதியில் சில சம்பவங்கள் தானாக வந்து விழும். சிலவற்றை மனிதர்கள் அந்தத் தேதி பார்த்துக் கொண்டுவந்து வைப்பார்கள். பிப்ரவரி 12இல் இரண்டாவது வகை நிறைய.

எங்கள் வீட்டிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் ஹாட்ஜென்வில். அதன் பக்கத்தில் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில்தான் 1809இல் லிங்கன் பிறந்தார். அதே வருடம் அதே நாளில் இங்கிலாந்தில் டார்வினும் பிறந்தார். அது தானாக விழுந்தது. ஆனால் பண்ணையில் இப்போது நிற்கிற கல் மண்டபத்துக்கு ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் வந்து அடிக்கல் நாட்டியது 1909 பிப்ரவரி 12, சரியாக நூறாவது ஆண்டு நிறைவு. அது தேர்ந்தெடுத்த நாள். லிங்கன் வாழ்ந்தது 56 வருடம் என்பதால் மண்டபத்துக்கு 56 படிகள். நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன். உள்ளே ஒரு மரக்குடில் இருக்கிறது. அவர் பிறந்த அதே குடில் அல்ல, அடையாளத்துக்கு வைத்தது. இதைக் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். நான் முதல் தடவை அசல் என்றே நம்பிக் கண்கலங்கி நின்றேன்.

ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டிய அதே நாளில்தான் நியூயார்க்கிலிருந்து ஓர் அழைப்பு அறிக்கை வெளிவந்தது. அதற்கு முந்தைய வருடம், 1908 ஆகஸ்டில், இல்லினாய் ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களின் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியது. லிங்கன் குடியிருந்த ஊர், அவருடைய கல்லறை இருக்கும் ஊர். அதைக் கண்டு கொதித்தவர்கள் நாடு முழுக்க விழா எடுக்கும் நாளையே பிடித்துக்கொண்டார்கள். லிங்கன் இன்று திரும்பி வந்தால் இந்த நாட்டில் எதைப் பார்ப்பார் என்று கேட்டார்கள். எழுதியவர் ஆஸ்வால்ட் கேரிசன் வில்லார்ட். கையெழுத்திட்டவர்களில் கறுப்பர் தலைவர்களான டுபாய்ஸ், ஐடா பி. வெல்ஸ் இருவரும் உண்டு. அதிலிருந்து பிறந்ததுதான் கறுப்பர் உரிமைக்காகப் போராடும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அந்தப் பெயர் 1910இல்தான் வந்தது, ஆனாலும் அவர்கள் கொண்டாடும் பிறந்த நாள் பிப்ரவரி 12தான்.

இன்னொரு முடிச்சு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1791இல் இதே தேதியில் நியூயார்க்கில் பிறந்தவர் பீட்டர் கூப்பர். ‘டாம் தம்ப்’ என்ற சின்ன ரயில் எஞ்சினைக் கட்டியவர். சம்பாதித்த பணத்தில் உழைக்கும் மக்கள் படிக்க கூப்பர் யூனியன் கல்லூரியைத் தொடங்கினார். 1860 பிப்ரவரி 27 அன்று அந்தக் கல்லூரியின் பெரிய மண்டபத்தில் பேசித்தான் லிங்கன் கிழக்கே பெயர் பெற்றார். அதே மண்டபத்தில்தான் 1909இல் என்.ஏ.ஏ.சி.பி.யின் முதல் பொதுக்கூட்டமும் நடந்தது. கூப்பரும் லிங்கனும் ஒரே தேதியில் பிறந்தது யார் திட்டமும் இல்லை. ஆனால் அந்த மண்டபம் இல்லாமல் மற்றதை நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

தானாக விழுந்தவற்றில் கசப்பானவையும் உண்டு. லிங்கன் பிறப்பதற்கு 16 வருடம் முன்பு, 1793 பிப்ரவரி 12 அன்றுதான், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் முதல் சட்டத்தில் ஜனாதிபதி வாஷிங்டன் கையெழுத்திட்டார். பிடிக்க விடாமல் தடுத்தால் 500 டாலர் அபராதம்.

1946இல் ஐசக் உட்வர்ட். பசிபிக் போர்முனையிலிருந்து திரும்பிய சார்ஜென்ட், வயது 26. ராணுவம் விடுவித்த சில மணி நேரத்தில், சீருடையோடு மனைவியைப் பார்க்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். கழிப்பறைக்குப் போக வண்டியை நிறுத்தச் சொன்னதில் டிரைவரோடு வாக்குவாதம். தென் கரோலினா பேட்ஸ்பர்கில் போலீஸ் அவரை இறக்கி அடித்ததில் இரண்டு கண்ணும் போயிற்று. அடித்த போலீஸ் தலைவரை முழுக்க வெள்ளையரே இருந்த ஜூரி விடுவித்தது. ஆனால் விஷயத்தைக் கேட்ட ஜனாதிபதி ட்ரூமன் அந்த டிசம்பரில் சிவில் உரிமைகள் குழுவை அமைத்தார், 1948இல் ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்க உத்தரவிட்டார். வழக்கை விசாரித்த நீதிபதி வேரிங், 1951இல் பள்ளிகளில் இனப் பிரிவினையே சமமின்மை என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

கூடைப்பந்து பிடிக்கும் பிள்ளையானால் பில் ரஸ்ஸல், பிறந்தது 1934, லூசியானா. பாஸ்டன் அணிக்கு 11 முறை கோப்பை.

பன்னிரண்டாம் தேதி அப்பா:

ஐயா, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. கூப்பர் மண்டபத்தை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். உட்வர்ட் விஷயம்தான் தயக்கமாக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை வகுப்பில் நின்று அதைச் சொல்லலாமா? இன்னொரு சந்தேகம்: பிப்ரவரியில் வரும் திங்கட்கிழமை விடுமுறை லிங்கனுக்கும் சேர்த்தா?

சிகாகோ டீச்சரம்மா:

நான் இதே வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன் அண்ணா. சொல்லலாம். காயத்தை வர்ணிக்க வேண்டாம். அவர் சிப்பாய், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், அடித்ததில் பார்வை போனது, அதைக் கேட்ட ஜனாதிபதி ராணுவத்தின் விதியை மாற்றினார். இந்த நாலு வாக்கியம் போதும். இந்த வயதில் அநியாயம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்லாமல் நிறுத்தினால்தான் அவர்கள் தூங்குவதில்லை. ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விடுமுறை: மத்திய சட்டத்தில் அதன் பெயர் இன்றும் வாஷிங்டன் பிறந்த நாள்தான். லிங்கனுக்கு மத்திய விடுமுறை கிடையாது, இங்கே இல்லினாயில் மாநில விடுமுறை உண்டு. 1971 முதல் அந்த மத்திய விடுமுறை மூன்றாவது திங்கள். அதாவது 15க்கும் 21க்கும் நடுவில். லிங்கனின் 12ஆம் தேதியிலும் வராது, வாஷிங்டனின் 22ஆம் தேதியிலும் வராது! வாஷிங்டன் பிறந்தபோது இருந்த பழைய நாட்காட்டிப்படி அது பிப்ரவரி 11. நாட்காட்டி மாறியதும் 22 ஆகிவிட்டது.

அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸையும் சொல்லுங்கள். அடிமையாகப் பிறந்ததால் அவர் பிறந்த தேதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிப்ரவரி 14ஐ அவரே எடுத்துக்கொண்டார். வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கியபோது லிங்கனின் 12ஐயும் டக்ளஸின் 14ஐயும் உள்ளடக்கும் வாரமாகப் பார்த்துத்தான் வைத்தார். பிறந்த நாள் அட்டை எழுதும் பிள்ளை இதைக் கேட்டால் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும்.

பன்னிரண்டாம் தேதி அப்பா:

அட்டை முடிந்தது. தானாக விழுந்தவை நீல மை, மனிதர்கள் வைத்தவை சிவப்பு மை என்று அவளே பிரித்துக்கொண்டாள். நீலத்தில் லிங்கன், கூப்பர், உட்வர்ட். சிவப்பில் 1909இன் அழைப்பு. கூப்பரிலிருந்து லிங்கனுக்கும், அங்கிருந்து 1909க்கும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். டக்ளஸ் 12ஆம் தேதி இல்லை என்பதால் அட்டையின் ஓரத்தில், சிவப்பில். கெர்ஷ்வினைப் பேசும்போது பின்னால் ஓடவிடப் போகிறாளாம். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், உட்வர்டுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் தருகிறேன் என்றார்.

ஐந்தாவது இடத்துக்கு பில் ரஸ்ஸலைச் சொல்லிப் பார்த்தேன். ஈரோஸை விடமாட்டேன் என்கிறாள். அந்த விண்கலம் தரையிறங்குவதற்காகச் செய்ததே இல்லையாம், சுற்றிவர மட்டும் அனுப்பினார்களாம், ஆனாலும் உடையாமல் இறங்கியதாம். அதையும் நீலத்தில் எழுதிவிட்டாள்.