புதுப்பிப்பு: மேய்க்கால் புறம்போக்கில் போட்ட வேலி அகற்றப்பட்டது

நொய்யல் ஆற்றில் சேரும் ஓடையை ஒட்டி, கால்நடை மேய்ச்சலுக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கைச் சமன்செய்து ஒருவர் வேலி போடுவதை எப்படித் தடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வேலி அகற்றப்பட்டுவிட்டது.

கைகொடுத்தது, புல எண் (சர்வே எண்) வாரியாக நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டுப் பிரதியை இணையத்தில் எடுத்துக் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைக்கச் சொன்ன யோசனைதான். ஆளாளுக்குத் தனியாகக் கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில், புல எண்ணையும் நிலத்தின் வகைப்பாட்டையும் குறிப்பிட்டதோடு, ஊராட்சிப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் எல்லா மாநிலங்களுக்கும் இட்ட உத்தரவையும் சுட்டிக்காட்டித் தீர்மானம் நிறைவேற்றினோம். அதன் பிறகே நில அளவர் வந்தார். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி வேலி போட்டவருக்கு அறிவிப்பும் அனுப்பப்பட்டது.

நாங்கள் எதிர்பாராதது ஒன்று உண்டு. எல்லைக்கல் எங்கே என்று படித்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர்கள்தான் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கி, பாதி மண்ணுக்குள் போயிருந்த கல்லைக் காட்டினார்கள். அதை வைத்து அளந்தபோது, வேலியின் ஒரு பகுதி தனிப் புல எண் கொண்ட ஓடைப் புறம்போக்கிலும் நீண்டிருந்தது தெரிந்தது. ஓடைக்குத் தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டியதாயிற்று. ஆகவே இதே சிக்கலில் இருப்பவர்கள், பக்கத்துப் புல எண்களுக்கும் அ-பதிவேட்டுப் பிரதியை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.