ஸ்போர்ட்டிங் ஆர்ட்: கரடி ஓவியங்களுக்கு என்ன சொல்?

கரடி வரும் ஓவிய வகைகளின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம்.

‘ஸ்போர்ட்டிங் ஆர்ட்’ என்பதற்கு நேற்று முன்வைக்கப்பட்ட ‘விளையாட்டு ஓவியம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. அதைப் படிப்பவருக்குக் கபடியும் கிரிக்கெட்டுமே நினைவுக்கு வரும். ஐரோப்பியப் பிரபுக்கள் வழக்கிலோ அது வேட்டையையும் மீன்பிடிப்பையும் குதிரைப் பந்தயத்தையும் குறித்தது. ‘வேட்டை ஓவியம்’ என்றால் பந்தயம் விடுபடும் எனக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியது சரியே. ஆயினும் நாம் சொல் தேடுவது கரடி வரும் ஓவியங்களுக்கு என்பதால், அந்த இழப்பு இங்கே பொருட்டல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் பிரான்ஸ் ஸ்னைடர்ஸ் தீட்டிய, நாய்க்கூட்டம் கரடியின் மேல் பாயும் காட்சிகளுக்கு ‘வேட்டை ஓவியம்’ தயக்கமின்றிப் பொருந்தும்.

சிக்கல் கார்ல் ருங்கியஸிடம் (1869–1959) தொடங்குகிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அவர், தாம் சுட்ட விலங்கின் உடலைக் கயிறுகளால் கட்டி நிறுத்தி, உயிரோடு நிற்பதுபோல் ஆக்கிப் பார்த்து வரைந்தவர். ஆனால் முடிந்த படத்தில் கயிறும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை, மலைச்சரிவில் கிரிஸ்லி கரடி மட்டுமே நிற்கிறது. ஓவியர் மாதிரியை எப்படிப் பெற்றார் என்பதைவிடப் படம் எதைக் காட்டுகிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டு, இதைக் ‘கானுயிர் ஓவியம்’ என்றே அழைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1889இல் ரஷ்ய ஓவியர் ஷிஷ்கின் தீட்டிய பைன் காட்டில், முறிந்து சாய்ந்த மரத்தின்மேல் ஏறி விளையாடும் குட்டிகளும் (அந்தக் கரடிகளை வரைந்தவர் அவருடைய நண்பர் சவித்ஸ்கி) இவ்வகையில்தான் சேரும். கரடியைக் குறிக்கும் பழைய ‘எண்கு’ என்ற சொல்லை மீட்கலாம் என்ற யோசனை எனக்கும் இனிக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்குக் ‘கரடி’யே போதும்.

எஞ்சியிருப்பது ‘பிரெடிகமென்ட்’ வகை, அதாவது மனிதர் கரடியிடம் சிக்கலில் மாட்டும் தருணத்தைக் காட்டும் படங்கள். துப்பாக்கி நிறுவனங்களின் நாட்காட்டிகளுக்கு வரைந்த பிலிப் குட்வின் (1881–1935) இதில் தேர்ந்தவர்: வேட்டைக்காரர் கூடாரத்தை விட்டு அகன்றிருக்கும் வேளையில் கரடி உணவு மூட்டையைக் குலைக்கிறது, அல்லது குறுகிய மலைப்பாதையில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ‘எதிர்பாராச் சந்திப்பு’ என்றால் ஆபத்து மறைந்துவிடுகிறது. ‘இக்கட்டு ஓவியம்’ என்பதை முன்மொழிகிறேன். அடுத்து என்ன நடக்கும் என்று படம் சொல்லாமல் நிறுத்தும் அந்த நொடியை ‘இக்கட்டு’ என்ற சொல் தாங்குகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அன்புகூர்ந்து எழுதுங்கள்.