டெய்ன்ட்: மாசா, கறையா?

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையக்கருவில்) நம்பகமற்ற மாட்யூல் (கூடுதலாக ஏற்றும் நிரல்துண்டு) ஏறுவது போன்ற காரணங்களால் கர்னல் தன்மேல் போட்டுக்கொள்ளும் குறிதான் டெய்ன்ட். அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் தமிழ் தேடுகையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> டெய்ன்ட் என்பதற்கு ‘மாசு’ போதும். கையொப்பமில்லாத மாட்யூல், வலிந்து ஏற்றிய மாட்யூல் இரண்டையும் ‘நம்பத்தகாத மாட்யூல்’ என்றே முடித்துவிடலாமே.

மாசு பற்றிப் பிறகு. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பதை மட்டும் ஏற்கவே முடியாது. லினக்ஸ் கர்னலே அதைச் செய்துதான் மாட்டிக்கொண்டது.

பதிப்பு பொருந்தாத மாட்யூலை மாட்புரோப் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) வழியே ஃபோர்ஸ் கொடுத்துத் திணித்தால் அதற்கு ‘எஃப்’ குறி விழும். அதனுள் இருக்கும் ஸ்ட்ரக்சர்களின் (தரவுக் கட்டமைப்புகளின்) அமைப்பு மாறியிருக்கலாம், நம்பிப் படித்தால் கர்னல் கவிழலாம். எனவே அதன் டிரேஸ்பாயின்டுகளை (ஓட்டத்தைக் கண்காணிக்க நிரலில் வைத்த இடங்களை) கர்னல் பதிவு செய்யாது. இது நியாயம்தான். ஆனால் மாட்யூலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சோதனையை இயக்கி, கட்டாயமாக்காமல் விட்ட கர்னலில், கையொப்பமில்லாத மாட்யூலுக்கும் அதே ‘எஃப்’ விழுந்தது. மாட்யூல் ஒழுங்காக ஓடும். டிரேஸ் மட்டும் வராது, ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்லாது.

2014இல் வந்த 3.15 பதிப்பில் தீர்வு: கையொப்பமின்மைக்குத் தனிக்குறி. டிரேஸ்பாயின்ட் நிரல் அந்தக் குறியைப் பொறுத்துக்கொள்ளும், ‘எஃப்’பை இன்றும் பொறுக்காது. (முதலில் ‘எக்ஸ்’ என்று வைத்தார்கள். சூசே என்ற லினக்ஸ் வெளியீட்டின் கர்னலில் அந்த எழுத்து ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் ‘இ’ ஆனது. பெயர்ச்சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல!)

புராக்-சிஸ்-கர்னல் அடைவிலுள்ள டெய்ன்டட் கோப்பைப் படித்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். கர்னல் மூலத்துக்கு வெளியே தொகுத்த, கையொப்பமில்லாத டிரைவர் ஒன்றுதான் ஏறியிருக்கிறது என்றால் 4096 (வெளியே தொகுத்தது) + 8192 (கையொப்பமில்லாதது) = 12288. வலிந்தும் ஏற்றினால் 2 சேர்ந்து 12290.

இனி ‘மாசு’. மாட்யூலை இறக்கினாலும் இந்த எண் குறையாது, மறுதொடக்கம் வரை ஒட்டிக்கொண்டிருக்கும். மாசு கழுவினால் போகும், கறைதான் நிற்கும். களங்கம் என்றால் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது, கையொப்பமிடாதவர் குற்றவாளி அல்லர். ஆகவே கறை, கறைபட்ட கர்னல், வலிந்தேற்றிய மாட்யூல், ஒப்பமிலா மாட்யூல்.

> டிரேஸ்பாயின்டுக்குத் தடப்புள்ளி?

வட்டின் டிராக்குக்கும் தடம் என்றுதானே எழுதுகிறோம்? சுவட்டுப்புள்ளி என்றால் குழப்பமில்லை. அணைந்திருக்கையில் அங்கே இருப்பது எதுவும் செய்யாத ஒரு நாப் கட்டளை, எக்ஸ்86 செயலிகளில் 2 அல்லது 5 பைட்; இயக்கினால்தான் அது தாவல் கட்டளையாக மாறிச் சுவடு விழும். ‘சுவடுப்புள்ளி’ என்று ஒற்றை டகரம் போட்டு எழுதாதீர்கள், தேடலில் இரண்டாகப் பிரிந்துவிடும்.